அறுபது நிமிட விதி

பீல் நகரம், பிப்ரவரி.
மேசைமேல் இருபத்தேழு கருவிகள்
தபாலில் திரும்பி வந்திருக்கின்றன,
தீப்பெட்டியில் பாதி அளவு,
இடுப்புப் பட்டியின் சுருக்கம் கலையாமல்.
ஒவ்வொன்றுக்குள்ளும் ஒருவருடைய ஏழு நாள்.

கேள்விகளைத் தமிழில் எழுதியவன் நான்தான்.
மிதமான உழைப்பு என்றால்
மூச்சு வாங்கும், ஆனாலும் பேசலாம்.
கடுமையான உழைப்பு என்றால்
பேச வராது.
எழுதும்போது நாற்காலியில் இருந்தேன்.

குணநாயகி அம்மாவைத் தொலைபேசியில் கேட்டேன்:
ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்கிறீர்களா?
"ஓய்வு நேரமோ" என்றார்.
கொஞ்ச நேரம் இணைப்பில் ஒன்றுமில்லை.
"அப்பிடி ஒண்டும் இல்லைத் தம்பி.
சைபர் எண்டு போடுங்கோ."
போட்டேன்.

கருவி வேறு கதை சொன்னது.
அதிகாலை மூன்று ஐம்பதுக்கு முதல் கோடு எழுகிறது.
கைக்கடிகாரத் தொழிற்சாலை, நான்கு தளம், ஒரு வாளி.
நொடியைப் பத்தாய்ப் பிளக்கிற அறைகளின்
கண்ணாடிக்கு வெளிப்பக்கம் அவர் துடைக்கிறார்.
ஒன்பது மணிக்கு முதியோர் இல்லத்துச் சலவைக்கூடம்,
ஈரப் போர்வைகள்.
நாளுக்கு இருபத்தோராயிரம் அடி.
அந்த வாரம் அவர் பெர்னுக்கு நடந்தே போய்
நடந்தே திரும்பியிருக்கலாம்,
இன்னும் மிச்சமிருக்கும்.
வாரத்துக்கு நூற்றைம்பது நிமிடம் போதும் என்கிறது பரிந்துரை.
திங்கட்கிழமை மதியத்துக்குள் அதைத் தாண்டியிருந்தார்.

(கூலிக்கு நடக்கும் நடை
உடம்பைக் காக்குமா தேய்க்குமா என்று
எங்கள் துறையில் வழக்கு இன்னும் முடியவில்லை.)

என்னை நிறுத்தியது வேறொன்று.
தினமும் மாலை ஆறு இருபதிலிருந்து
ஏழு ஐந்து வரை
சைபர், சைபர், சைபர்.
சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதர்கூட
இப்படிச் சைபராக இருப்பதில்லை,
இருமுவார், கால் மாற்றிப் போடுவார்.
இது அலமாரித் தட்டின் சைபர்.

உறைக்குள் குறிப்புத்தாள், பென்சில் எழுத்து:
"6.20 கழட்டினது. இவரை முழுக வாக்க.
நனைஞ்சா உங்கடை சாமான் பழுதாப் போகும்."
ஏழு வரியிலும் அதே வாசகம்.
ஏழாம் நாள் 'இவரை' என்று மட்டும்.

கேட்டேன், சொன்னார்.
பாரிசவாதம், இடப்பக்கம் விளங்காது,
எண்பத்தொரு கிலோ.
கதிரையிலிருந்து குளியல் பலகைக்கு,
பலகையிலிருந்து கதிரைக்கு.
"ஒண்டு ரெண்டு மூண்டு எண்டு எண்ணித்தான் தூக்குறது.
அவரும் சேர்ந்து எண்ணுவார்,
ரெண்டு மட்டும் வாயிலை வராது."
தூக்கும்போது உங்களால் பேச முடியுமா என்று
நான் கேட்கவில்லை.

எங்கள் விதி இது:
அறுபது நிமிடம் விடாமல் சைபர் என்றால்
கருவி உடம்பில் இல்லை, அந்த நேரத்தை நீக்கு.
அறுபதுக்குக் குறைந்தால்
ஆள் உட்கார்ந்திருக்கிறார்.
அவருடையது நாற்பத்தைந்து.
இன்னும் கால்மணி மெதுவாய்க் குளிப்பாட்டியிருந்தால்
கணக்கிலிருந்தாவது காணாமல் போயிருப்பார்.

உர்சினாவிடம் தாளைக் காட்டினேன்.
இரண்டு தடவை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டாள்.
"ஒருவருக்காக விதியை மாற்றினால்
மீதி இரண்டாயிரத்து நானூறு பேர்?"
அவள் கெட்டவள் இல்லை.
அந்தத் தாளைப் பிரதி எடுத்து
தன் இழுப்பறையில் வைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் தானாகப் போயிற்று,
ஜெர்மனில், பச்சைக் குறியோடு.
என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க அழைத்தார்.
வாசித்தேன்:
நீங்கள் போதிய அளவு இயங்குகிறீர்கள்.
மாலையில் உட்காரும் நேரத்தைச் சற்றுக் குறைக்கலாம்.

ஜன்னலுக்கு வெளியே மக்லிங்கன் மலை ரயில்
பயிற்சிப் பைகளோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு
செங்குத்தாய் ஏறுகிறது.
அவர் வாயிலிருந்து தொலைபேசியை விலக்கியது கேட்டது.
"இஞ்சேருங்கோ,
பின்னேரத்திலை நான் சும்மா இருக்கிறனாம்."
தூரத்தில் ஓர் ஆணின் சிரிப்பு,
பாதி வாயால்,
நின்று, திரும்பவும் தொடங்கி.

"சரி தம்பி, வைக்கிறன்.
தண்ணி ஆறப்போகுது."